லேசான வண்டி வாங்கிய கரடி

ஒரு காட்டில் பொன்னுத்தாய் என்றொரு கரடி குடியிருந்தாள். குட்டியை ஏற்றிக்கொண்டு போகட்டும் என்றுதான் கடவுள் கரடிகளுக்கு முதுகை அகலமாகப் படைத்திருக்கிறார். அவளும் தன் மகன் இசக்கியை இரண்டு வருஷமாக அப்படியே சுமந்தாள். கீழே விட்டால் நாலு அடி நடப்பான். பிறகு மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிவிடுவான்.

அந்தக் கோடையில் பக்கத்துக் குட்டை வற்றிப்போயிற்று. தண்ணீருக்கு மூன்று மேடு தாண்டி ஓடைக்குப் போகவேண்டி வந்தது. ஒருநாள் ஓடையில் குனிந்த பொன்னுத்தாயால் நிமிர முடியவில்லை. இசக்கி மட்டும் மேலே சுகமாக இருந்தான்.

மரங்கொத்தி டாக்டரிடம் போனாள். வரிசையில் நின்று ஒரு படிவத்தை நிரப்பினாள். அதில் 'உங்களுக்குக் கொம்பு உண்டா, உண்டென்றால் எத்தனை' என்பது வரைக்கும் கேட்டிருந்தார்கள். டாக்டர் அவள் முதுகெலும்பைக் கழுத்திலிருந்து கீழே வரைக்கும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"இனிமே பிள்ளையைத் தூக்காதம்மா. தூக்கினா இந்த வருஷம் தேனுக்கு மரம் ஏற முடியாது. அடுத்த வருஷமும் சந்தேகம்தான்" என்றார்.

மரம் ஏற முடியாத கரடி என்ன செய்யும்? மற்றவர்கள் சிந்தியதைக் கீழே நின்று நக்க வேண்டியதுதான். பொன்னுத்தாய் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். முதுகைக் கொடு சாமி, இல்லையென்றால் ஒரு குழந்தை வண்டியாவது கொடு என்று கேட்டாள். இரண்டில் எது சுலபமோ அதைக் கடவுளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று செல்போனைத் திறந்தால் வரிசையாக வண்டிகள் வந்தன. எல்லாம் மடக்குகிற வண்டிகள். கீழே வாங்கியவர்களின் கருத்துகளும் இருந்தன. பதினோரு பிள்ளைக்கு ஒரு வண்டி போதவில்லை என்று ஒரு முயல் எழுதியிருந்தது. வேகம் பயமுறுத்துகிறது என்றது ஓர் ஆமை. ஆந்தை ஒன்று ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'அட்டைப்பெட்டி அருமை, இன்னும் பிரிக்கவில்லை' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் படித்து முடித்தபோது பொன்னுத்தாய்க்குக் கழுத்தும் வலித்தது.

மறுநாள் இசக்கியை அவன் அப்பாவோடு தூங்கவிட்டு, உடும்பு அண்ணாச்சி கடைக்குப் போனாள். இருப்பதிலேயே லேசானதாகக் காட்டுங்கள் என்றாள். அண்ணாச்சி ஒரு வண்டியை வால் நுனியில் தூக்கிக் காட்டினார். ஒரே கையால் மடக்கியும் காட்டினார். அதையே பொன்னுத்தாய் செய்து பார்த்தபோது இரண்டு கை, ஒரு கால், கொஞ்சம் பல் தேவைப்பட்டது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார் அண்ணாச்சி. பிள்ளை இதில் உட்காருவானா என்று அவள் தயங்கிக் கேட்டாள்.

"தங்கச்சி, நீங்க எடையைத்தானே கேட்டீங்க" என்றார் அவர்.

அதுவும் நியாயம்தான் என்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது முள்ளம்பன்றி கோமதி வழிமறித்தாள். பக்கத்து வளைக்காரி. அவளைப் பார்த்ததும் எல்லாரும் ஓரடி தள்ளி நின்றுதான் பேசுவார்கள்.

"ஏளா பொன்னு, காலி வண்டியையா தள்ளிட்டு வாறே? காலித் தொட்டிலை ஆட்டுவியா நீ? அதுக்கு ஒரு முறை இல்ல?"

பொன்னுத்தாய் வண்டியை அப்படியே நிறுத்தினாள். தொட்டில் போடுகிற அன்றைக்குப் பிள்ளையைக் கிடத்துமுன் குழவிக்கல்லைத்தானே கிடத்துகிறோம். இது தெரிந்தும் எப்படி மறந்தேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோமதியே குழவி போல் உருண்டையான கல் ஒன்றைத் தேடி உருட்டி வந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் வைத்து, விழுந்துவிடக் கூடாதென்று பெல்ட்டும் மாட்டினார்கள். காட்டிலேயே லேசான வண்டி கிறீச்சென்று கத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது.

இசக்கி தூக்கம் கலைந்து வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பாப்பா" என்றான்.

கல்லை எடுக்கப் போனால் மரத்தில் இலை உதிரும்படி அழுதான். கல்லோடு சேர்த்து அவனை உட்கார வைக்க இடம் இல்லை. பாப்பாவின் இடத்தில் தான் உட்கார மாட்டேன் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டான். பாப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வரவும் மாட்டேன் என்றான். ஆகவே மறுநாள் காலையில் ஓடைக்குப் புறப்பட்டபோது பையன் அவள் முதுகில் இருந்தான், கல் வண்டியில் இருந்தது. எதிரே வந்த மான்கள் வண்டிக்குள் குனிந்து பார்த்து, எவ்வளவு சமர்த்துப் பிள்ளை, அழவே இல்லையே என்று மெச்சிவிட்டுப் போயின.

நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் இரண்டாவது மேட்டின் உச்சியில் பொன்னுத்தாயின் முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். இனி மரமும் இல்லை, தேனும் இல்லை என்று நினைத்தபோது கண் நிறைந்தது. கையிலிருந்த வண்டி நழுவி, இறக்கத்தில் ஓட ஆரம்பித்தது.

இசக்கி அவள் முதுகிலிருந்து சறுக்கி இறங்கினான். ஓடினான். நாலடிக்கு மேல் நடக்காத பிள்ளை, புழுதி பறக்க ஓடிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். வண்டி அவனைக் கொஞ்ச தூரம் இழுத்துப்போய் நின்றது. அவன் திரும்பி அம்மாவை முறைத்தான்.

"பாப்பா விழுந்திருக்கும்ல. உனக்குத் தள்ளவே தெரியல."

அன்றிலிருந்து வண்டியை வேறு யாரும் தொடக்கூடாது என்றாகிவிட்டது. மூன்று மேடும் அவனே தள்ளினான், அவனே நடந்தான். தூக்கட்டுமா என்று கேட்டால், பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டான். ஒரு மாதத்தில் பொன்னுத்தாயின் முதுகு நிமிர்ந்தது. பருவம் தப்பாமல் மரம் ஏறினாள். முதல் தேனடையிலிருந்து கல்லுக்கும் ஒரு சொட்டுத் தடவ வேண்டியிருந்தது.

அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். வாங்கிய வண்டிக்கும் செல்போனில் பொய் இல்லாமல் மூன்று வரி எழுதிப் போட்டாள்: 'என் முதுகு முழுக்கச் சரியாகிவிட்டது. என் மகன் இதுவரை இதில் உட்காரவில்லை. ஐந்து நட்சத்திரம்.'

மறுநாள் காலையில் அண்ணாச்சி கடை முன்னால் வரிசை ஓடை வரைக்கும் நின்றது. கோமதி சொல்லிக் கல் கதையும் காடெல்லாம் பரவியிருந்ததால், அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே கல்லையும் அடுக்கிவிட்டார். ஒரு மான் இதைவிட லேசான கல் காட்டச் சொன்னது. பின்னால் நின்ற அணில், மடக்குகிற கல் இருக்கிறதா என்று கேட்டது.

"அடுத்த வாரம் வருது. பேரை எழுதிட்டுப் போங்க" என்றார் அண்ணாச்சி.

நீதி: பிள்ளை நடக்க வேண்டுமானால், அவன் இடத்தில் ஒரு கல்லை உட்கார வை. வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை.