தொண்ணூற்றொன்பதில் நின்ற பட்டை

கணினிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார்கள். தெரியாதுதான். கூலாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அதற்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கிடங்கில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்க நெடுநேரம் பிடிக்கும். திரை அசையாமல் கிடந்தால் எல்லோரும் எனக்குத்தான் போன் அடிப்பார்கள். ஆகவே, வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும் பட்டை ஒன்றைச் செய்தேன். உள்ளே நடப்பது அதற்குத் தெரியாது. (எனக்கே தெரியாது, அதற்கு எங்கே தெரியும்?) கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் தொண்ணூற்றொன்பதுக்கு ஓடி, அங்கே நின்றுகொள்ளும். போன் தொல்லை ஒழிந்தது. எனக்குத் தலைக்கனமும் ஏறியது.

கிடங்குப் பொறுப்பாளர் சூசை அங்கிளின் மூத்த மகளுக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் பொந்தியானில் நிச்சயதார்த்தம். நான்கு மணிக்கு மோதிரம் மாற்றுவார்கள். முழு ஆண்டுப் பட்டியலை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும். ஒரு மணிக்கே விசேஷத்துக்குப் போடும் பாத்தேக் சட்டையோடு வந்து பொத்தானை அழுத்தினார். பட்டைக்கு நான் வைத்திருந்த ஐந்து நிமிடக் கணக்கோ ஒரு மாதப் பட்டியலுக்கு.

ஐந்தே நிமிடத்தில் தொண்ணூற்றொன்பது. அப்புறம் அசையவில்லை. இரண்டு மணிக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்றேன். மனிதர் நகரவில்லை.

"தொண்ணூத்தொம்பது வந்துருச்சி லா தம்பி. இதுல விட்டுட்டு யாராச்சும் போவாங்களா?"

பட்டை பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், என் மேசைக்கு ஓடிப்போய்ப் பட்டையில் தசமப் புள்ளியைச் சேர்த்துவிட்டேன். 99.1 ஆனது, 99.2 ஆனது. அங்கிள் முகம் மலர்ந்தது. (படுபாவி நான்!) பட்டியல் வந்தபோது மணி நாலரை.

அவர் பொந்தியான் போய்ச் சேர்ந்தபோது மோதிரம் மாற்றி முடிந்து, பிரியாணியும் தீர்ந்திருந்தது. திங்கட்கிழமை இளைய மகள் ஸ்டெல்லா தொழிற்சாலைக்கே வந்துவிட்டாள். அப்பா இல்லாமல் அக்கா அழுதுகொண்டே கை நீட்டினாள் என்று சொல்லி, என்னைக் கிழி கிழியென்று கிழித்தாள். எல்லோர் முன்னாலும் உண்மையை ஒப்புக்கொண்டேன். வெட்கத்தில் செத்தேன். திட்டு வாங்கியபடியே அவளைப் பிடித்தும் போனது. என் புத்தி அப்படி.

இரண்டு வருடம் கழித்து, ஸ்டெல்லா சம்மதத்தோடு பெண் கேட்டுப் போனேன். அங்கிள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த மாதம் போய்ப் பணிவாகக் கேட்டேன்.

"முடிஞ்ச மாதிரிதான் தம்பி. தொண்ணூத்தொம்பது ஆச்சி."

அதற்கடுத்த மாதம் போனால், புள்ளி ஒன்று ஏறியிருந்தது.

பத்து மாதம் காய விட்டார். இந்தக் கதையை ஸ்டெல்லா எங்கள் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்கிறாள். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மாதம் எத்தனை புள்ளி என்று திருத்திக்கொண்டிருக்கிறார்.