ஆறு பிஸ்டன் சிவப்பு காலிப்பர்

ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மாபெரும் முடிவொன்று எடுத்தேன். என் காருக்குப் புது பிரேக் மாட்டப் போகிறேன். சும்மா பிரேக் இல்லை. ஆறு பிஸ்டன். ரத்தச் சிவப்பு. சிக்னலில் நின்றால் பக்கத்துக் கார்க்காரன் குனிந்து சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்த கணமே இன்னொரு முடிவும் எடுத்தேன். இதை மனைவியிடம் சொல்லக் கூடாது.

என்னுடையது ஸ்போர்ட்ஸ் செடான். பார்த்தால் குடும்பஸ்தன், மிதித்தால் பந்தயக் குதிரை. எனக்கு நேர் எதிர் என்று என் மனைவி சொல்வாள். நான் பார்த்தாலும் குடும்பஸ்தன், மிதித்தாலும் குடும்பஸ்தன்.

மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய அக்கா வீட்டிலிருந்து மலையிறங்கி வந்தோம். மொத்தம் பதினோரு வளைவு. எட்டாவதில் ஏதோ தீய்ந்த வாசனை. ஒன்பதாவதில் பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்தது போலக் கால் உள்ளே போயிற்று. பக்கத்து சீட்டில் இவள் இரண்டு காலாலும் தரையை மிதித்தாள். மிதித்த வேகத்தில் செருப்பு வார் அறுந்தது.

பயத்தை மறைக்க நான் ஒரு ஜோக் அடித்தேன்.

"அங்க பிரேக் இல்லம்மா. ஏன் மிதிக்கறே?"

அவள் சிரிக்கவில்லை. கார் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. கதவைத் திறந்தாள். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அன்றைக்கு ஏறியவள்தான், கடைவீதியில் இருக்கும் அவளுடைய தையல் கடைக்குப் போவதும் வருவதும் பஸ்ஸில்தான். செவ்வாயும் வியாழனும் பஸ் லேட் என்று ஒரு மணி நேரம் பிந்தி வருவாள். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

மூன்று மாதமாக என் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பை உட்கார்ந்து வருகிறது. அது ஒரு தடவைகூட, "மெதுவாப் போங்க" என்று சொன்னதில்லை. யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

"நல்ல பிரேக் போட்டா கார்ல வருவியா?" என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டு வைத்தேன்.

"பிரேக் புடிச்சா நான் ஏன் வராம இருக்கேன்?"

"சத்தியமா?"

"உங்க கார்ல, முன் சீட்ல, பெல்ட் போட்டு உக்காருவேன். போதுமா? அந்த ஊசியை எடுங்க."

போதும். நேரே மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் காருக்கு அடியில் இருந்தார். கால் மட்டும் தெரிந்தது. காலிடம் சொன்னேன்.

"அண்ணே, ஆறு பிஸ்டன் காலிப்பர் போடணும். பெரிய டிஸ்க்கோட. சிவப்பு."

"எதுக்கு சார்?" என்றது கால்.

"பாதுகாப்புக்கு."

"பாதுகாப்புக்கு எதுக்கு சார் சிவப்பு?" வெளியே ஊர்ந்து வந்தார். "உங்க பேட் தேஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷமோ, சூட்டுல கொதிச்சுப் போச்சு. சூடு தாங்கற பேடு, புது ஆயில், அது போறதுக்கு நல்ல ஹோஸ். இது மூணும் போட்டா உங்க வண்டி நிக்கும்."

"அதெல்லாம் வெளியில தெரியாதே அண்ணே."

"நிக்கறது தெரியும் சார்."

நான் அசையவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். "சரி. காலிப்பர்னா டிஸ்க்கைக் கவ்வுற இடுக்கி. பெரிய இடுக்கி உங்க சக்கரத்துக்குள்ள அடங்கணும். கம்பெனிக்காரன் அளவுப் படம் தருவான். அதைப் பிரிண்ட் எடுத்து, அட்டைல ஒட்டி, வெட்டி, சக்கரத்துக்குள்ள வெச்சுப் பாருங்க. இடிச்சா வேணாம்."

அளவுப் படமா? என்னிடமா? நான் நில அளவை அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவன். ஊரிலுள்ள அத்தனை வேலித் தகராறுக்கும் என் அளவுதான் கடைசி வார்த்தை. ஒரு சாண் நிலத்துக்காக அண்ணன் தம்பியையே பிரித்தவன் நான்.

அவள் கடையில் இருந்த நேரம் பார்த்துக் காரியத்தில் இறங்கினேன். துணி வெட்டுவதெல்லாம் அவள் வீட்டு மேஜையில்தான் செய்வாள். மேஜைக்குப் பக்கத்தில், தையல் அளவுப் படங்கள் அடிக்கிற அவளுடைய பிரிண்டர். அளவுப் படத்தை அதில் அடித்தேன். ஒரு செருப்புப் பெட்டியில் ஒட்டினேன். கைக்குக் கிடைத்த கத்திரிக்கோலால் வெட்டினேன். சக்கரத்துக்குள் வைத்துப் பார்த்தேன்.

அடடா! அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பொருந்திடுச்சு அண்ணே! ஆர்டர் போட்டுடுங்க. உங்க பேர்லயே போடுங்க. வீட்டுக்குத் தெரியக் கூடாது."

"தங்கச்சிக்கா?" என்றார். அவருடைய வேலைச் சட்டையெல்லாம் என் மனைவி தைத்ததுதான். "சரி சார், நான் சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் வெட்டும் மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது. உயர்ந்த குரல் இல்லை. உயர்ந்த குரல் என்றால் நான் பயப்பட மாட்டேன்.

"என்னங்க."

"என்னம்மா?"

"என் துணிக் கத்திரிக்கோல்ல யாரு அட்டை வெட்டினது?"

"அட்டையா? எந்த அட்டை?"

"பட்டுத் துணி வெட்டற கத்திரிங்க இது. இப்ப துணியை வெட்ட மாட்டேங்குது, மெல்லுது."

"சாணை போட்டு நாளாச்சோ என்னமோ."

"போன வாரம் போட்டேன்."

"அப்ப சாணை போட்டவன் சரியில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேஜைக்கடியில் இருந்த குப்பைக் கூடையைப் பார்த்தாள். நான் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படி நினைக்கிற ஆள் நான்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை, மெக்கானிக் அண்ணன் போன் செய்தார். சாமான் வந்துவிட்டது. மறுநாள் அக்கா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. இன்று சிவப்பு மாட்டினால் நாளை ஜோடியாக மலையேறலாம். பறந்தேன்.

பெட்டி சின்னதாக இருந்தது. இரண்டு காலிப்பர், இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டு பேர் தூக்க வேண்டும். இதை நான் ஒரு கையால் தூக்கினேன். பிரித்தேன். உள்ளே நாலு பிரேக் பேட். ஒரு பாட்டில் ஆயில். கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ்.

"அண்ணே! மாத்தி அனுப்பிட்டான்!"

"இல்ல சார். சரியாத்தான் அனுப்பியிருக்கான்." ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். காலிப்பர் வடிவம். ஓரமெல்லாம் பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. அந்தக் கைவேலை எனக்கு நன்றாகத் தெரியும். "இதை வெச்சுப் பாருங்க."

வைத்தேன். சக்கரத்தின் கம்பியில் போய் இடித்தது. திருப்பி வைத்தேன். திரும்பவும் இடித்தது.

"என் அட்டை உள்ள போச்சே!"

"போகும் சார். குப்பைக் கூடையில நீங்க வெட்டிப் போட்ட ஓரம் கிடந்துச்சாம். அதுல ஒரு கோடு போட்டு, 'இந்தக் கோடு பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும், அளந்து பார்க்கவும்'னு எழுதியிருந்துச்சாம். தங்கச்சி டேப் வெச்சு அளந்தா ஒம்பதரைகூட வரல. காகிதத்துக்குள்ள அடங்கட்டும்னு பிரிண்டர் படத்தைச் சுருக்கிடுச்சு. தங்கச்சி சரியான அளவுல திரும்ப அடிச்சு வெட்டினது இது. அளவுப் படம் பிரிண்ட் எடுத்தா தையல்காரங்க எல்லாரும் முதல்ல அந்தக் கோட்டைத்தான் அளப்பாங்களாம்."

பதினெட்டு வருஷ நில அளவை என் கண்முன்னே சுருங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்ல மாட்டேன்னீங்களே அண்ணே?"

"நான் எங்க சார் சொன்னேன்? தங்கச்சிதான் எனக்குச் சொல்லுச்சு. 'நிக்கறதுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் போடுங்கண்ணே'ன்னுச்சு."

சாயங்காலத்துக்குள் எல்லாம் மாட்டிவிட்டார். ஓட்டிப் பார்த்தேன். மிதித்தேன். கார் அப்படியே நின்றது. மறுபடியும் மிதித்தேன். மறுபடியும் நின்றது. சிவப்பில்லாமலே நின்றது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்பில் புது வார், அவளே தைத்தது. அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கத்திரிக்கோலைப் பற்றியும் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"கார்ல வரேதானே?" என்றேன்.

"சொன்ன சொல்லு மாறுவேனா? முன் சீட்டு, பெல்ட்டு."

சாப்பாட்டுப் பையைப் பின் சீட்டுக்குத் தள்ளினேன். அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் அந்தக் கதவைத் தாண்டி, காரைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள்.

"சாவி குடுங்க."

"எதுக்கு?"

கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். இது என்னால் வெட்ட முடியாத அட்டை. அவள் போட்டோவும் அரசாங்க முத்திரையும் இருந்தன. டிரைவிங் லைசென்ஸ்.

"எப்ப எடுத்தே?"

"செவ்வாய், வியாழன் பஸ் லேட்டாச்சே, அப்ப."

மலையேறினோம். சாப்பிட்டோம். அக்கா, "யாருடி ஓட்டிட்டு வந்தது?" என்று கேட்டபோது நான் கொல்லைப் பக்கம் கை கழுவப் போய்விட்டேன். இறக்கத்தில் முதல் வளைவு வருவதற்கு முன்பே இவள் கியரைக் குறைத்தாள்.

"இறக்கத்துல வண்டியை கியர்ல புடிக்கணும்ங்க. பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா எந்த பிரேக்கும் வெந்துதான் போகும். முதல் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க."

தீய்ந்த வாசனை வரவில்லை. எட்டு தாண்டியது. ஒன்பதாவது வளைவு. அந்த மண்மேடு, அதில் என் பம்பர் பதிந்த அடையாளம்கூட அப்படியே இருந்தது. அது என்னை நோக்கி வருவது போலிருந்தது. இரண்டு கால்களும் தாமாகவே முன்னால் நீண்டு தரையை ஓங்கி மிதித்தன.

அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அங்க பிரேக் இல்லைங்க. ஏன் மிதிக்கறீங்க?"