மெழுகில் தெரிந்த நண்டு

எங்கள் தீவின் மலினாவ் கிராமத்தில் நண்டு வியாபாரிகள் எல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வலை நிறைய நண்டு. வாங்கத்தான் ஆளில்லை. எல்லாம் எர்மினியோ ஐயாவின் கைங்கரியம்!

ஐயா என்ன லேசுப்பட்ட ஆளா? ஒரு தட்டுத் தண்ணீர், ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. தண்ணீரில் மெழுகைச் சொட்டுவார். அது உறைகிற உருவத்தை உற்றுப் பார்ப்பார். பிள்ளைக்கு ஏன் இந்தக் குறை வந்தது என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். மசக்கையில் தாய் ஆசைப்பட்டது பிள்ளையின் உடம்பில் இறங்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சும்மா கிடந்த அந்த நம்பிக்கைக்கு ஐயா கடை விரித்தார். பிள்ளை நடக்கவில்லையா? அம்மாக்காரி நண்டு தின்றாள். பேசவில்லையா? வாய் மூடிய சிப்பி தின்றாள். கழுத்து நிற்கவில்லையா? எட்டுக்கால் பேய்க்கணவாய் தின்றாள், அதற்கு எலும்பு ஏது! அப்பன்மார் எதைத் தின்றாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆம்பளை பொம்பளை பார்த்து உறைகிற மெழுகு!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஐயா வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். நான் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன்; பாதிப் பேரை இறக்கிவிட்டது நான்தான். மெழுகுவர்த்தியை ஐயாவின் சம்சாரத்திடமே வாங்க வேண்டும். கடையில் வாங்கின மெழுகு பேசாதாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வார்த்தை சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஐயாவோ உட்கார வைத்துக் கதை கேட்கிறார், தலையைத் தடவிக் கொடுக்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்து அலைந்து ஓய்ந்துபோனவர்களுக்கு அது போதாதா?

என் பக்கத்து வீட்டு லூமிங்கும் அப்படித்தான் போனாள். அவள் மகள் அனிங் சின்னக் குழந்தை. கால் இரண்டும் விறைத்திருக்கும், நிற்க முடியாது. புருஷன் நெஸ்தோர் முன்னால் நிற்க, மெழுகு சொட்டியது.

"நண்டு!" என்றார் ஐயா.

"ஐயா, எனக்கு நண்டு ஆகவே ஆகாது. தின்னா உடம்பெல்லாம் தடிச்சுப் போகும்," என்றாள் லூமிங்.

"கனவுல தின்னிருப்பே, அம்மாடி. கனவுல தின்னாலும் தின்னதுதான்!"

பார்த்தீர்களா, கனவுக்கும் காவல் போட்டுவிட்டார்! பரிகாரமும் சொன்னார்: நண்டு இறங்குகிற வரைக்கும் தாயின் கை பிள்ளைமேல் படக்கூடாது. படப்பட நண்டு பலமாகுமாம்.

அன்றிலிருந்து லூமிங்குக்குச் சமையல்கட்டுதான் ஜாகை. அனிங்குக்கு அவள் கையால் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும். தினமும் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்ததும் அவள்தான். இப்போது நெஸ்தோர் ஊட்டினான், குழந்தை துப்பியது. கால்கள் முன்னைவிட விறைத்தன. "அம்மா" என்று அது அழ, சுவருக்கு இந்தப் பக்கம் சமையல்கட்டில் இவள் அழ, இரண்டும் என் வீடு வரைக்கும் கேட்டது.

அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தது தெலாய் அக்கா. வேறு தீவிலிருந்து வந்து இங்கே குடியேறியவள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களை சனிக்கிழமைதோறும் சுகாதார நிலையத்தின் பின்னறையில் கூட்டி வைத்துப் பேசுவாள். அவள் மகன் ஒன்யோக்குக்குப் பேச்சும் படிப்பும் மெதுவாகத்தான் வரும். சிரிப்பு மட்டும் வேகமாக வரும்.

லூமிங்கைக் காணோமே என்று தேடி வந்தாள்.

"பிள்ளையைத் தொடாம இருக்கியாமே? என்னடி இது கூத்து?"

"நான்தான் அக்கா அவளைக் கெடுத்தேன்."

"பிரசவம் இழுத்துக்கிட்டே போச்சு, பிள்ளைக்கு மூச்சு முட்டிடுச்சுன்னு டாக்டர் சொல்லலையா? அதுல உன் தப்பு எங்கே வந்துச்சு?"

நெஸ்தோர் குறுக்கே விழுந்தான். "அக்கா, ஐயா கண்ணால பார்த்துச் சொன்னாரு."

"அப்படியா? எனக்கும் பார்க்கட்டுமே. நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க."

அடுத்த ஞாயிறு நான்தான் எல்லோரையும் ஏற்றிப் போனேன். அனிங் அப்பன் மடியில், லூமிங் எட்ட உட்கார்ந்து. தெலாய் அக்கா பயபக்தியோடு மெழுகு வாங்கினாள். மகனைப் பற்றிச் சொன்னாள். மெழுகு சொட்டியது. ஐயா கண்ணை இடுக்கினார்.

"ஆமை! மசக்கையில ஆமை முட்டைக்கு ஆசைப்பட்டுத் தின்னிருக்கே. அதான் பையன் எல்லாத்துலயும் மெதுவு."

"நானா ஐயா? நல்லாப் பாருங்க. வேற யாராவதா இருக்கப் போவுது."

"நீயேதான்! புருஷன் வேணாம்னான், ஒளிச்சு வெச்சுத் தின்னே. உன் வயித்துல பிள்ளை வலப்பக்கமா புரண்டுச்சு. மெழுகு பொய் சொல்லாது!"

கூட்டம் "அம்மாடியோ!" என்றது. அக்கா திரும்பி நின்றாள்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? நான் பிள்ளையே பெத்ததில்லைங்க. ஒன்யோக்கைத் தத்தெடுத்தப்ப அவனுக்குப் பல்லே முளைச்சிருந்துச்சு. இது அவனுக்கும் தெரியும், என் வீட்டுக்கும் தெரியும். மெழுகுக்குத்தான் தெரியல!"

ஐயா தட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"அது... பெத்தவளைச் சொன்னேன்..."

"உன் வயிறுன்னீங்களே ஐயா. நானும் வேற யாராவதான்னு கேட்டேனே!"

வரிசையில் ஒருத்தி குபீரென்று சிரித்தாள். சிரித்த வேகத்தில் கோபம் வந்தது. "அப்போ நான் தின்ன சிப்பி?" என்று முன்னால் வந்தாள். "என் பேய்க்கணவாய்?" என்றாள் இன்னொருத்தி. ஐயாவின் சம்சாரம் மெழுகுப் பெட்டியை அவசரமாக மூடினாள். ஐயாவுக்குத் திடீரென்று வயிற்றுவலி. பின்கதவால் போனவர் போனவர்தான்.

லூமிங் யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து நெஸ்தோர் மடியிலிருந்து மகளை வாரினாள். அனிங் அவள் கழுத்தை விடவேயில்லை. நெஸ்தோர், "என்னை மன்னிச்சுடு," என்று ஏதோ ஆரம்பித்தான்.

"அப்புறம் பேசு. இவ காலைப் பிடி, நீட்டணும்," என்றாள் அவள். பிடித்தான்.

தெலாய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏண்டி, இன்னிக்கு ஏதாவது சாப்பிட்டியா?"

லூமிங் இல்லையென்று தலையாட்டினாள். அப்புறம் ஓவென்று அழுதாள்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டுக்காரன்தானே நானும்? பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவள் என்ன தின்றாள் என்று தட்டும் தண்ணீருமாக ஊரே துருவித் துருவி விசாரித்தது. இன்றைக்குச் சாப்பிட்டாளா என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மகாஜனங்களே, அதைக் கேட்க மெழுகு வேண்டாம். கொஞ்சம் மூளை போதும்.