கரண்டி வாங்க ஓர் ஆள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், கோயில் பின்கட்டுச் சமையலறையில் மீன் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சுவாங் ஒரு முடிவுக்கு வந்தார். எப்பாடுபட்டாவது இந்தச் சங்கத்தை விட்டுக் கழன்றுகொள்ள வேண்டியதுதான்.

சங்கத்தின்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. தைனான் நகரத்தின் அந்த வட்டாரத்தில் தனியாகக் கிடக்கும் முதியவர்களுக்கு வாராவாரம் சுடச்சுடக் கஞ்சி காய்ச்சி, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். புண்ணியமான காரியம். ஆனால் அதே ஞாயிறு காலையில்தான் பூங்காவில் யூ-சியூ நடனம் ஆடுகிறாள்.

யூ-சியூ சோயாப்பால் கடை வைத்திருப்பவள். கணவன் இறந்துபோய்ப் பல வருஷமாகிவிட்டது. சுவாங்குக்கோ கல்யாணமே ஆகவில்லை; மின்விசிறி ரிப்பேர் கடை ஒன்றும் பாதி நரைத்த தலையும்தான் சொத்து. தினமும் பால் வாங்கப் போகும்போதெல்லாம் அவள், "ஒரு நாள் நீங்களும் ஆட வாங்களேன்" என்பாள். இவர் போகாத இடத்தில் பல் டாக்டர் வெய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுகிறாராம். அதை நினைத்தாலே சுவாங்குக்கு வயிறு எரிந்தது.

விலகுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக முடியாதா என்றால், முடியாது. அந்தச் சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். கரண்டி பிடித்தவர் தன் கரண்டியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆள் தராமல் போனால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், தெருவில் பார்க்கும்போது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது.

சுவாங் தலைவர் லியாவிடம் போய் நின்று, முழங்கால் வலி என்று இழுத்தார்.

"அடடா. அப்போ ஞாயித்துக்கிழமை வீட்டுல படுத்துக்கப் போறீங்களா?" என்றார் லியாவ்.

"படுத்துக்கறதா? பூங்காவுல ஆடினா மூட்டுக்கு நல்லதுங்கறாங்க, அண்ணே."

லியாவின் மனைவி மூலையில் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். வாயே திறக்காதவள், அன்றைக்குத் திறந்தாள். "யாரு சொல்லிக் குடுக்கறாங்க?"

"சோயாப்பால் கடைக்காரம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவாங் கஞ்சிப் பானையை உற்றுப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. அண்ணி மறுபடி இஞ்சிக்குத் திரும்பினாள்.

சரி, ஆள் பிடிக்க வேண்டும். அதற்குக் குப்பை வண்டியை விட்டால் நல்ல இடம் கிடையாது. சாயங்காலம் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும். தெருவே பையும் கையுமாக வாசலில் நிற்கும். நாலு பேர் முன்னால் ஒருவனைப் புகழ்ந்துவிட்டால் அவனால் மறுக்க முடியாது. சுவாங்கையே லியாவ் பிடித்தது அப்படித்தான்.

அன்று மாட்டியவர் மருந்துக்கடை பெங். "நம்ம பெங் சார் மாதிரி இளகின மனசு யாருக்கு இருக்கு? இவரு கஞ்சி கிண்டினா மருந்தே வேண்டாம்" என்று சுவாங் உரக்கச் சொன்னார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெங் குப்பைப் பையைக் கட்டிப்பிடித்தபடி தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு பெங் கரண்டியை வாங்கினார். வாங்கிய வேகத்தில் கஞ்சியை அடிப்பிடிக்க விட்டார். தீய்ந்த வாசனை சாமி சன்னதி வரைக்கும் போயிற்று. பொரித்த வெங்காயத்தை அள்ளிப் போட்டு ஒருவழியாக மறைத்தார்கள். லியாவ் சுவாங்கின் தோளில் கை வைத்து, பெங்குக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். அதற்காகச் சனிக்கிழமையும் வரவேண்டியதாயிற்று.

பெங் தேற மாட்டார் என்று தெரிந்ததும் சுவாங் சலூன்காரர் ஹோவைப் பிடித்தார். ஹோவுக்குக் கை நிதானம். ஆனால் வாய்க்கு நிதானம் கிடையாது. நாற்காலியில் வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே கஞ்சிச் சங்கத்தின் பெருமையைப் பேசினார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார்தான் வரமாட்டேன் என்பார்கள்? அரைத்தலை சிரைத்தவன், முக்கால் தலை சிரைத்தவன் என்று ஒரு கூட்டமே வந்து சேர்ந்தது. சமையலறையில் நிற்க இடமில்லை. லியாவ் சந்தோஷம் தாங்காமல் இரண்டாவது அடுப்பு ஒன்று போட்டார். அதற்குப் பொறுப்பு யார்? கைராசிக்காரர் சுவாங்தான்.

சுவாங்குக்கு அழுகை வந்தது. வழியை மாற்றிப் பார்த்தார். குப்பை வண்டிக்குக் காத்திருக்கும்போது சங்கத்தைக் கரித்துக்கொட்டினார். புகை கண்ணைப் பிடுங்குகிறது, மீன் செதிலில் வழுக்கி விழுந்து இடுப்பு போயிற்று, நன்றி சொல்ல நாதியில்லை என்று அடுக்கினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவ்வளவு கஷ்டத்தையும் தாங்கிக்கொண்டா இந்த மனுஷன் வாராவாரம் போகிறார்? அந்த ஒரே வாரத்தில் இன்னொரு கும்பல் வந்து சேர்ந்தது.

பக்கத்துக் கோயில் சங்கத்தில் ஆள் கரைந்துகொண்டே போனதால், அவர்கள் லியாவிடம் யோசனை கேட்டு வந்தார்கள். உங்களிடம் மட்டும் புது ஆட்கள் எப்படி வந்து சேருகிறார்கள் என்று துளைத்தெடுத்தார்கள். லியாவ் சாமி இருந்த பக்கம் கையைக் காட்டிவிட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்.

இதற்கிடையில் சலூனிலிருந்து ஒரு செய்தி வந்தது. டாக்டர் வெய் நடனத்துக்கென்றே செருப்பு வாங்கியிருக்கிறாராம். அவருக்கு ஒரு ஜோடி, யூ-சியூவுக்கு ஒரு ஜோடி, இரண்டும் ஒரே சிவப்பு.

சுவாங் வெட்கத்தை விட்டார். நேரே லியாவ் வீட்டுக்குப் போய், "அண்ணே, எனக்கு முழங்கால் வலியும் இல்லே, ஒண்ணும் இல்லே. என்னை விட்டுடுங்க. இன்னும் ரெண்டு ஞாயிறு போனா எனக்கு வாழ்க்கையே போயிடும்" என்றார்.

லியாவ் மனைவியைப் பார்த்தார். மனைவி லியாவைப் பார்த்தாள்.

"வர்ற ஞாயிறு உங்க கரண்டிக்கு ஆள் வந்து நிக்கும். நல்ல ஆள்" என்றார் லியாவ்.

அந்த ஞாயிறு சுவாங் தலைக்கு எண்ணெய் தடவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு வந்தார். கரண்டியைக் கொடுத்த கையோடு பூங்காவுக்கு ஓட வேண்டியதுதான். கடைசியாக ஒரு கிண்டு கிண்டிவிட்டுத் திரும்பினார்.

ஏப்ரன் கட்டிக்கொண்டு யூ-சியூ நின்றாள்.

"கரண்டியைக் குடுங்க" என்று கையை நீட்டினாள். "நிக்கவே முடியாத அளவுக்கு முழங்கால் வலியாமே? அண்ணன் கடைக்கே வந்து சொன்னாரு. எனக்கு மனசு கேக்கலே. இனிமே ஞாயித்துக்கிழமை பூரா நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா பூங்காவுக்குப் போங்க, ஆடினா மூட்டுக்கு நல்லதாமே."

சுவாங் கரண்டியை விடவில்லை. அவள் காம்பைப் பிடித்து இழுத்தாள். இவர் இறுக்கிப் பிடித்தார்.

"வலி போயிடுச்சு."

"எப்போ?"

"இப்பத்தான்."

யூ-சியூ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எண்ணெய்த் தலை, புதுச் சட்டை, பளபளக்கும் செருப்பு. என்ன புரிந்ததோ, சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்போ ரெண்டு பேருமா கிண்டுவோம்" என்று கரண்டியின் மேல்பாதியைப் பிடித்துக்கொண்டாள். சுவாங்குக்கு இத்தனை வருஷத்தில் கஞ்சி வாசனை அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பின்னால் கரகரவென்று சத்தம் கேட்டது. டாக்டர் வெய் சிவப்புச் செருப்போடு தொட்டியருகே உட்கார்ந்து, பல் சுத்தம் செய்கிற அதே கவனத்தோடு மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். பார்வை மட்டும் கரண்டிமேல் இருந்தது.

சுவாங் இஞ்சி எடுக்கிற சாக்கில் மூலைக்கு நகர்ந்தார். "அண்ணி, இந்த டாக்டர் இங்கே எப்படி வந்தாரு?"

அண்ணி கத்தியை நிறுத்தவில்லை. "அந்தம்மா வந்தாங்க, பின்னாலேயே வந்துட்டாரு. இங்கே யாரு தம்பி தானா வந்து சேந்திருக்காங்க? போகணும்னு துடிக்கிறவங்க யாரைப் பாக்கத் துடிக்கிறாங்கன்னு கேட்டுக்கிட்டு, அவங்களைக் கூட்டிட்டு வந்துடுவோம். அந்தக் காலத்துல உங்க அண்ணனும் சினிமாக் கொட்டகையில டிக்கெட் குடுக்கற பொண்ணைப் பாக்கப் போகணும்னுதான் கரண்டியைக் கீழே வைக்கப் பாத்தாரு. அதை வாங்கிக்க வந்தவதான் நான்."