மூன்றாம் மாடியில் மூண்ட மோர்ஸ் போர்

வாழி! வாழி! காயில்காரா, நீ நீடூழி வாழி! எரிந்த மோட்டாரைப் பிழைப்பிக்க, முடியினும் மெல்லிய செம்புக் கம்பியைத் தொள்ளாயிரம் சுற்றுச் சுற்றியும் ஒரு சுற்று மிகாமலும் குறையாமலும் நிறுத்தவல்ல நிகரிலாக் கரத்தோனே! நிமிடத்திற்கு இருபத்தைந்து சொல் வேகத்தில் புள்ளியும் கோடுமாய்ப் பொழிகின்ற மோர்ஸ் மாமுகிலே! கடல்களுக்கு அப்பால் உன் முகமறியாத எண்ணூறு பேர், தந்திச் சாவி தட்டும் ஓசை ஒன்றைக் கொண்டே “இவன் அவனேதான்” என்று தெளிவர். அத்தகைய உன் போர்த்திறத்தைப் பாடப் புகுந்தேன்; சொல் தடுமாறாதிருக்க வானலைகள் எல்லாம் எனக்கு வழிவிடுக!

இப்பெரும்போர் மூண்ட காரணம் கேளுங்கள். சொந்தமாக ஒரு ரேடியோப் பெட்டியை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரோடு “அங்கே மழையா?” என்று விசாரிக்கும் பேரின்பத்திற்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். அதற்கு உரிமம் வேண்டும். உரிமத்திற்குத் தேர்வு எழுதவேண்டும். அத்தேர்வில் ஒரு பகுதி, காதில் விழும் மோர்ஸ் ஒலியை ஐந்து நிமிடம் பிழையின்றி எழுத்தாக்குவது. அந்தப் பகுதி இனியும் வேண்டுமா, வேண்டாமா என்று உரிமத்துறை ஒவ்வொரு கழகத்தையும் கேட்டு ஒற்றைத்தாள் ஓலை விடுத்தது. திங்கட்கிழமைக்குள் பதில் வரவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போர்க்களம் நிரம்பியது. களமாவது யாதெனின், கீழ்த்தளத்தில் இரும்புக் கதவு செய்யும் வெல்டிங் பட்டறையையும் இடையில் இரண்டு தளம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியையும் சுமந்து நிற்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடி. இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றுள் ஒன்று மூன்றுகாலி. சுவரில் ஈரம் ஏறி ஒரு கண்டமே ஊதிப்போயிருந்த உலகப்படம். சுற்றும்போதெல்லாம் “டக்” என்று ஒரு புள்ளி வைத்துக்கொண்டேயிருக்கும் மின்விசிறி. அரியணையில் தலைவர் அமர்ந்திருந்தார். அவர் பல் மருத்துவர். பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிப்போனவராகையால், மூடச் சொல்லும் வித்தை அவருக்குக் கைவரவில்லை. எனவே அவையில் பதினெட்டு வாய்களும் ஒரே நேரத்தில் முழங்கின.

சாளரப் பக்கம் மோர்ஸ் வேண்டும் என்ற படை: முன்னணியில் காயில்காரன், அவனுக்கு வலப்புறம் லிஃப்ட் மெக்கானிக், இடப்புறம் கணக்கு ஆசிரியை, பின்னே ஆறு பேர். கதவுப் பக்கம் மோர்ஸ் வேண்டாம் என்ற படை: இடிக்குரலோன் எனப் பெயர்பெற்ற பேக்கரிக்காரர் முதலாக எட்டுப் பேர், அவர்களுக்குத் தலைமை தாங்கி, கையில் மடித்த குடையோடு, காயில்காரனின் மைத்துனி.

அவள் மருந்துக்கடை நடத்துபவள். எந்த மருத்துவரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடும் கூர்விழியாள். தன் கையாலேயே பற்றவைத்து ஒரு வானொலிப் பெட்டி செய்து, நான்கு ஆண்டுகளாக உலகம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பதில் பேசச் சட்டம் இடந்தரவில்லை. மின்னியல் தாளில் முதலிடம். ஆனால் மோர்ஸ் தேர்வில், தேர்வு நடத்துபவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்த கணமே பென்சில் விரலைவிட்டு உருண்டு, மும்முறை தோற்றாள். மூன்றாம் தோல்வியின் வாரத்தில் அக்காள் வீட்டில் உண்டுகொண்டிருந்தபோது, நம் வீரன் கரண்டியால் தட்டின் விளிம்பில் டொக்-டொக்கென்று எதையோ தட்டி, “இது என்னன்னு சொல்லு பாக்கலாம்?” என்று சிரித்தான். அவள் கை கழுவிக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து நான்கு மாதம் அவ்விருவருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை. அக்காள்தான் இரு நாட்டுக்கும் தூதாக அலைந்தாள். போர் நாளன்று களத்திற்கு வரும்போதுகூட, ஆட்டோவில் இருவருக்கும் நடுவே அவளே எல்லைச்சுவராக உட்கார்ந்து வந்திருந்தாள்.

முரசு அதிர்ந்ததுபோல் காயில்காரன் எழுந்தான். “மோர்ஸ் கத்துக்கறதுக்குப் பொறுமை வேணும். அது இல்லாதவங்க கையில மைக்கைக் குடுத்தா வானமே சந்தக்கடை ஆயிடும்!” என்று பிரகடனம் செய்தான். சாளரப் படை ஆர்ப்பரித்தது.

குடை தரையில் ஊன்றப்பட்டது. “பேசறதுக்குத்தான் வாய் இருக்கே. நான் என்ன கப்பலா ஓட்டப் போறேன்?” என்றாள் மைத்துனி, தலைவரைப் பார்த்து. கதவுப் படை அதனினும் ஓங்கி ஆர்ப்பரித்தது.

வாக்கு எண்ணப்பட்டது. ஒன்பதுக்கு ஒன்பது. மீண்டும் எண்ணப்பட்டது. ஒன்பதுக்கு ஒன்பதே. முடிவுவாக்கு தலைவருடையதாயிற்று. பதினெட்டுப் பேரின் கடைவாய்ப் பற்களும் தம் பராமரிப்பில் இருப்பதை எண்ணி நடுங்கிய அப்பெருந்தகை, வாக்களிக்க மறுத்து, அறப்போர் ஒன்றை அறிவித்தார்: மொட்டைமாடியில் ஒலிபரப்பும் பெட்டி, அறைக்குள் கேட்கும் பெட்டி, ஒரு செய்தி குரலில் வரட்டும், ஒரு செய்தி மோர்ஸில் வரட்டும், எது சிதையாமல் வருகிறதோ அப்படை வென்றது.

செய்திகளை எழுத நடுநிலையாளர் வேண்டுமல்லவா? கழகத்தில் உறுப்பினரே அல்லாத ஒருவர் அவையில் இருந்தார். மூன்றுகாலி நாற்காலியைச் சுவரில் சாய்த்து, பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழிக்கும் விரல்களால் வார இதழ் புரட்டிக்கொண்டிருந்த காயில்காரனின் மனைவி. இரு படைக்கும் உறவினள். இரு படையாலும் தலைவலி கண்டவள். அவளிடம் இரண்டு துண்டுத்தாள் நீட்டினார் தலைவர். அப்போது நம் வீரன், “மோர்ஸ் செய்திய அஞ்சு அஞ்சு இங்கிலீஷ் எழுத்தா ஒடச்சு எழுதணும். வார்த்தைய ஊகிச்சுட்டோம்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது!” என்று நெஞ்சு நிமிர்த்தினான். அவள் அவனை ஒருகணம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, “சரி” என்றாள்.

முதற்போர் குரற்போர். பேக்கரிக்காரர் மாடியேறி, சிங்கமும் செவி பொத்தும் தொனியில் செய்தியை முழங்கினார். அறையில் பெட்டிமுன் மைத்துனி அமர்ந்தாள். அந்தோ! அக்கணமே கீழ்ப் பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கத் தொடங்கிற்று. ஆயிரம் அப்பளம் ஒருசேர நொறுங்கினாற்போன்ற இரைச்சல் பெட்டிக்குள் புகுந்து, இடிக்குரலோனின் இடியை அரைத்துப் பொடியாக்கிற்று. மும்முறை முழங்கினார், மும்முறையும் பொடி. அவள் எழுதிக் கொடுத்தது, “பசு எட்டு மணிக்குப் புலம்பும்.” துண்டுத்தாளில் இருந்ததோ, “பஸ் எட்டு மணிக்குக் கிளம்பும்.” கதவுப் படை தலைகவிழ்ந்தது.

“இப்ப பாருங்க!” என்று காயில்காரன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலேறினான்.

இங்கேதான், கேட்போரே, விதி தன் சுண்டுவிரலை அசைத்தது. “யாரு எழுதிக்கப் போறீங்க?” என்று தலைவர் சாளரப் படையை நோக்கி வினவினார். மோர்ஸே உயிர், மோர்ஸே மூச்சு என்று முழங்கிய எட்டுத் திண்தோள் வீரர்களும் தத்தம் செருப்பை ஆராயத் தலைப்பட்டனர். லிஃப்ட் மெக்கானிக் மூக்குக்கண்ணாடி மறந்து வந்ததை நினைவுகூர்ந்தார். கணக்கு ஆசிரியைக்கு விரலில் சுளுக்கு. மற்றொருவர், “பாஸ் பண்ணி இருவத்தாறு வருஷம் ஆச்சு சார்…” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். தேர்வில் வென்ற மறுநாளே அனைவரும் அதை மறந்திருந்தனர். வென்றதை மட்டும் மறக்கவில்லை.

அதற்குள் மேலிருந்து ஓசை இறங்கத் தொடங்கிவிட்டது. வெல்டிங் இரைச்சலின் கடும்புயலை ஊடுருவி, ஊசிபோல், மணிபோல், தீ தி… தி தீ… தீ தீ… என்று, தேர்வு வேகத்தைப்போல் இருமடங்கில், எழுதிக்கொள்ள ஆளற்ற அறைக்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்து வீணாகிக்கொண்டிருந்தன.

மைத்துனி பெட்டிமுன்னிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு நாளும் கடை திறக்குமுன் அரைமணி நேரம் இவ்வோசையைக் கேட்டவள். அதை அவள் வெறுத்தாள். ஆயினும் கண்ணெதிரே கொட்டிக் கீழே போவதைப் பார்த்திருக்க அவளால் இயலவில்லை. எவரும் கடிகாரம் பார்க்கவில்லை, எவரும் தலையசைக்கவில்லை. இரண்டாம் முறையாகச் செய்தி முதலிலிருந்து தொடங்கவே, பென்சிலை எடுத்தாள். முதல் எழுத்தில் விரல் சற்றே தயங்கிற்று. அப்புறம் தயங்கவில்லை. ஐந்து எழுத்து, இடைவெளி. ஐந்து எழுத்து, இடைவெளி. எதிர்ப்படையின் எட்டுப் பேரும் சொந்தப்படையின் எட்டுப் பேரும் அவள் தோளுக்குப் பின்னே வந்து நின்று மூச்சடக்கினர். ஓசை நின்றதும் தாளை, அக்காள் தம்மிடம் எழுதித் தந்திருந்த நகலோடு ஒப்பிட்டார் தலைவர். ஒரு புள்ளி பிசகவில்லை.

வெற்றிவாகை சூட வீரன் கீழிறங்கி வந்தான். “யாரு எழுதி எடுத்தது?” என்றான். பென்சில் யார் கையில் இருக்கிறதென்று கண்டான். கண்டவன் முகத்தில் வெற்றி பாதியிலேயே நின்றுபோயிற்று.

“செய்திய வாசிங்க” என்றார் தலைவர்.

மைத்துனி உடைந்த எழுத்துகளை மனத்துக்குள் ஒட்டிப் பார்த்தாள். சிரிப்பு உதட்டோரம் முட்டிற்று. அக்காளைப் பார்த்தாள். அக்காள் வார இதழிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“வாசிக்கவா அக்கா?”

“நல்லா சத்தமாவே வாசி.”

“நம்ம வீட்டு மோட்டார் எரிஞ்சு பதினோரு நாள் ஆச்சு. எப்போ காயில் கட்டித் தருவீங்க?”

கீழே வெல்டிங்கும் அக்கணம் ஓய்ந்தது. மின்விசிறி மட்டும் ஒரு புள்ளி வைத்தது. தன் கரத்தாலேயே, தன் குறையையே, பொருள் உணராமலே, எழுத்தெழுத்தாக, எட்டுத்திக்கும் அறியும்படி, பிழையேதுமின்றி வானில் ஏற்றிய பெருவீரன் சிலையாகி நின்றான்.

“வாயால பதினோரு நாளா சொல்றேன்,” என்று மனைவி எழுந்தாள். “நடுவுல வெல்டிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பவும் போய்ச் சேரல. அதான் இதுல அனுப்பிப் பாத்தேன்.”

அவையே அதிர்ந்து நகைத்தது. பல் மருத்துவர் தம் பற்கள் அனைத்தையும் காட்டினார். நகையொலி அடங்கியபின், காயில்காரன் மெல்ல மைத்துனியின் முன் சென்று அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். எழுத்துகள் அச்சடித்ததுபோல் இருந்தன.

“நான் வேகமாத்தானே அடிச்சேன்?”

“ரொம்ப வேகம் அத்தான்.”

நான்கு மாதத்தில் அவன் காதில் விழுந்த முதல் அத்தான் அது. “அன்னிக்கு சாப்புடற எடத்துல நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது” என்றான். அவள் “ம்” என்றாள். பிறகு அவன் அவைநோக்கித் திரும்பி, இறுதிப் பிரகடனம் செய்தான்: “பாஸ் பண்ண எட்டுப் பேரால எடுக்க முடியல. மூணு தடவ ஃபெயில் ஆனவ எடுத்துட்டா. அப்புறம் அந்தப் பரீட்சை எதத்தான் அளக்குது? என் ஓட்ட மாத்திக்கறேன். வேண்டாம்!”

கதவுப் படை வானதிர முழங்கிற்று. பேக்கரிக்காரர் அவனைக் கட்டித்தழுவினார். பத்துக்கு எட்டு! போர் முடிந்தது! வெற்றி, வெற்றி!

“ஒரு நிமிஷம்,” என்று மைத்துனி குடையை உயர்த்தினாள். “அந்த எரைச்சல்ல இது ஒண்ணுதான் வந்து சேந்துச்சு. என் காதாலயே கேட்டேன். இது இருக்கணும். அடுத்த மாசம் நான் திரும்பப் போய் எழுதறேன். என் ஓட்டும் மாறுது. வேணும்!”

தலைவர் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒன்பதுக்கு ஒன்பது.

உலகம் வியக்க மூன்றாம் மாடியில் முக்கால் மணிநேரம் நிகழ்ந்த அம்மாபெரும் போரின் முடிவாக, “எங்கள் கழகத்தில் ஒன்பது பேர் வேண்டும் என்கிறார்கள், ஒன்பது பேர் வேண்டாம் என்கிறார்கள்” என்று ஒற்றைத்தாளில் எழுதி, முத்திரை குத்தி, உறையிலிட்டு ஒட்டினார் தலைவர். நீடுபுகழ் வாழ்க! நிகரிலாக் கரம் வாழ்க! புயல் கிழித்துப் புகுந்த புள்ளியும் கோடும், அவற்றைப் பிடித்தெழுதிய பென்சிலும், இரு படைக்கும் செய்தி எழுதித் தந்த துண்டுத்தாளும் திசையெட்டும் வாழ்க!

செவ்வாய்க்கிழமை காலை காயில்காரன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது.