பொடிச்சி கழற்றிய சட்டை

ஒரு காட்டில் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் தென் துருவத்தில் பேருக்கு ஒரு முருங்கைக்கன்றுகூடக் கிடையாது. ஆகவே காடு என்ற இடத்தில் குளிர்ந்த கடல் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கடலில் கிரில் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. கிரில் என்றால் நம்மூர்க் கூனி இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். பயந்துவிட்டால் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகப் பாய்ந்து தப்புவது அவற்றின் பழக்கம். கண், கால், மீசை எல்லாம் அச்சு அசலாக உள்ள வெறும் சட்டை தண்ணீரில் மிதக்கும்.

பெருவாயன் என்ற திமிங்கலம் தினமும் காலையில் வந்து வாயைத் திறப்பான். பாதிக் கூட்டம் உள்ளே போய்விடும். பொடிச்சி என்ற கிரில்லுக்கு வயிறு எரிந்தது. அவளுடைய அக்கா தங்கைகள் முந்நூறு பேர் ஒரே வாயில் போனவர்கள்.

பனிக்கட்டியில் ஒரு துளை இருந்தது. அதுதான் ஆராய்ச்சி நிலையத்தின் கவுன்ட்டர். மூன்று நாள் வரிசையில் நின்று, பொடிச்சி முனைவர் வெண்மார்பரிடம் மனுக் கொடுத்தாள். அவர் ஒரு பென்குயின், ரொம்ப நேர்மையானவர். கிரில்லை நேரில் பார்த்தால் பசிக்கும் என்பதால், முப்பது வருடமாகக் கேமரா வழியாகவே ஆராய்ந்து வந்தார். திமிங்கலம் வந்துபோன பின் எண்ணிப் பார்ப்பதாகவும், குறைந்திருந்தால் அவனைத் தடை செய்ய எழுதுவதாகவும் சொன்னார்.

மறுநாள் பெருவாயன் வந்தான். பாதிக் கூட்டம் போனது. மிச்சமிருந்தவர்களுக்குப் பயத்தில் ஆளுக்கு மூன்று சட்டை கழன்றது. கேமரா எல்லாவற்றையும் எண்ணியது. திமிங்கலம் வந்தால் கிரில் பெருகுகிறது, இனி பெருவாயன் இருவேளையும் வர வேண்டும் என்று அறிக்கை வந்தது.

பொடிச்சி கவுன்ட்டருக்கு ஓடினாள்.

"ஐயா, அதெல்லாம் வெறும் சட்டை. உயிரோட இருக்கிறது நாங்க கொஞ்சம் பேருதான்."

"உயிர் கேமராவுல விழாதும்மா. சட்டைங்க ஆடாம அசையாமத் தெளிவா நிக்குது. நீங்கதான் ஆடி ஆடிப் படத்தைக் கெடுக்கிறீங்க. உங்களைப் பிழைன்னு கழிச்சுட்டேன்."

ஒரே வாரத்தில் நாற்பது பேர்தான் மிச்சம். ஒரு தடவையாவது நேரில் பாருங்கள் என்று பொடிச்சி கெஞ்சி அழுதாள். வெண்மார்பருக்கு மனசு இளகிவிட்டது. முப்பது வருடத்தில் முதல்முறையாகத் துளைக்குள் குனிந்தார். பொடிச்சியைப் பார்த்தார். நேர்மை ஒரு பக்கம் இருக்க, அலகு தானாகத் திறந்தது.

பொடிச்சி சட்டையைக் கழற்றிவிட்டு ஆழத்துக்குப் பாய்ந்தாள். அவர் விழுங்கியது சட்டையைத்தான்.

சப்பென்று இருந்தது. பசியும் அடங்கவில்லை. ஆராய்ச்சியாளர் ஆயிற்றே, அதையும் எழுதினார்: கிரில்லில் சத்தே இல்லை, இதைத் தின்று எந்த உயிரும் வாழ முடியாது.

பெருவாயனுக்குப் படிப்பில் நம்பிக்கை அதிகம். அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்தான். படிக்கப் படிக்க மயக்கம் வந்தது.

"அதானே பார்த்தேன். அறுபது வருஷமா நான் பட்டினி கிடந்திருக்கேன்" என்று கண்ணீர் விட்டான். தொண்ணூறு டன் உடம்பும் எலும்பும் தோலுமாகிவிட்டதாக நினைத்துத் தள்ளாடியபடி, சத்தான சாப்பாடு தேடி வடக்கே போய்விட்டான்.

புதுச் சட்டை இறுகும்வரை பொடிச்சி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். உயிரோடு நடுங்கினாள்.

நீதி: ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டால் மறுக்காதே. சட்டையைக் கொடுத்துவிட்டு நழுவு. மீதியை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.