தட்டு மிஸ் போட்ட முட்டை

பெங்களூரில் என் வாயை அடைத்த ஆள் இதுவரை ஒருவர்தான்: தட்டு மிஸ். ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, சிவாஜிநகரில் தோளில் துணி சுமந்து விற்று, இன்று மூன்று புடவைக் கடைக்கு முதலாளியானவன் நான். போலீஸ், வக்கீல் யாராயிருந்தாலும் பேசியே ஜெயிப்பேன்.

காக்ஸ் டவுனில் என் வீட்டு மாடியில் மிஸ் குடியிருந்தார். என் பேத்தி ரோசிக்கு அறிவியல் டீச்சர். பாதி நாள் பள்ளியில் வகுப்பு, பாதி நாள் போனில். போனில் பிள்ளையின் முகம் தெரிந்தால் பச்சைப் புள்ளி எரியும். எரிந்துகொண்டே இருந்தால் கவனத்துக்கு முழு மார்க். இது பள்ளிக்கூடத்தின் கண்டுபிடிப்பு!

மிஸ் அதை மதிக்கவே இல்லை. "கேமராவை மூடு, தட்டை எடு" என்பார். கேள்விக்குப் பதில் ஆமாம் என்றால் பிள்ளைகள் தட்டில் கரண்டியால் ஓர் அடி அடிக்க வேண்டும், இல்லை என்றால் இரண்டு. மாடியில் அவர் போன் அலற, தெருவே அதிரும். "ஏனு சார், தினமும் மணியடிச்சு மங்களாரத்தியா?" என்று எதிர்வீட்டம்மா கேட்டார். எனக்கு மானம் போனது.

அதற்கும் மேலே, தட்டைத் தொடாமல், கேமராவை மூடாமல் பச்சைப் புள்ளியில் முழு மார்க் வாங்கிய ரோசிக்கு மிஸ் அறிவியலில் முட்டை போட்டார். அது மாறாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். கொதித்துப்போய் மாடி ஏறினேன்.

"இன்னாம்மா இது? புள்ள தலையாட்டினதை நானே பாத்தேன்!"

"அங்கிள், உங்க கடை வாசல்ல பொம்மை புடவை கட்டிக்கினு நாளெல்லாம் நிக்குதே, சம்பளம் குடுக்கறீங்களா?"

அடைத்தது வாய்.

ரோசியைக் கூப்பிட்டுக் கையில் தட்டைக் கொடுத்தார். "வேர் உறிஞ்சுற தண்ணி இலைக்குப் போவுமா, கண்ணு?" அவள் யோசிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். பேச்சு நின்றால் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் அந்தப் புள்ளி அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து தினமும் மாடிப்படியில் ரோசிக்கு மிஸ்ஸின் பாடம், தட்டுச் சத்தம். என் காது செத்தது. ரோசி மறுபரீட்சையில் தேறினாள். பள்ளியோ, "புள்ளி ஒன்று சொல்கிறது, நீங்கள் வேறு மார்க் போடுகிறீர்கள்" என்று மிஸ்ஸை வேலையை விட்டு அனுப்பியது. நான் சும்மா விடுவேனா? பிரின்சிபால் மேஜையைக் குத்தி, "சார், நான் பொம்மைக்குச் சம்பளம் தர்றதில்ல, நீங்க மார்க் தர்றீங்களே!" என்று கத்தினேன். வாட்ச்மேனை விட்டு வெளியே தள்ளினார்கள்.

மிஸ் சொந்த ஊரான கோலாருக்கே திரும்பிவிட்டார். மாடிக்கு ஆள் கூட்டிவரும் புரோக்கரை இன்றும் கத்தித் துரத்துகிறேன். சமையலறையில் தட்டு விழுந்தால் மட்டும் கத்துவதில்லை. ஓர் அடியா, இரண்டா என்று காது கேட்டுக்கொண்டிருக்கும்.